அவர் என்னை அடித்ததே இல்லை

என் கணவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் வடசென்னையில் பல சபைகளில் வேறு மாதிரி நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

குடித்தார், அது நிஜம். ட்ரெயிலர் லாரி ஓட்டுகிறவர். துறைமுகத்தில் கண்டெய்னரை இறக்கிவிட்டு நேராக ஒயின்ஷாப்புக்குப் போவார். போதையில் சத்தம்கூடப் போடமாட்டார், வாசலில் சுருண்டு படுத்துக்கொள்வார். கத்துவது நான்தான். பிறகு ஒரு உபவாச ஜெபத்தில் தேம்பித் தேம்பி அழுது ஆண்டவரிடம் திரும்பினார். குடியை விட்டார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் வேலை முடிந்து வந்தால் கதவருகிலேயே வாயை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். எத்தனை தடவை ஏமாந்தவள் நான்.

திருவொற்றியூரில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் எங்கள் சபை. குடியை விட்ட கதையை மேடையேறிச் சாட்சியாகச் சொல்லப் பாஸ்டர் கூப்பிட்டார். இவர் ரெண்டே வரியில் முடித்துவிட்டார்.

"கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க பிரதர், ஜனங்க தொடப்படணும்" என்றார் பாஸ்டர்.

அங்கே ஆரம்பித்தது வினை. எண்ணூர் சபையில் கூப்பிட்டார்கள், அங்கே சாட்சியில் என்னைக் கன்னத்தில் அறைந்தார். கொருக்குப்பேட்டையில் என் மண்டை உடைந்தது. மணலி புதுநகர் போய்ச் சேர்வதற்குள் எனக்குத் தையலே போட்டாகிவிட்டது. ஜனங்கள் அல்லேலூயா போடுகிறார்கள். நான் அந்தத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். பாஸ்டரம்மா முழங்கையால் இடித்து ஆமென் சொல்லச் சொல்கிறார். என்னத்தைச் சொல்வது?

மார்க்கெட்டில் மீன் விற்கிற பெண் கேட்டாள், "இன்னாக்கா, அவ்ளோ அடியும் வாங்கிகினு எப்டி இருந்த?" பாவப்பட்டு ஒரு கை நெத்திலி கூடப் போட்டாள். என் மானத்துக்கு விலை அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பய்யா என்ன அடிச்ச? ஒரே ஒரு தபா சொல்லு."

"இன்னாமே, கேக்கறவங்க அழுவுறாங்க, மனந்திரும்புறாங்க. ஆண்டவருக்குத்தான மகிமை?"

"அவுரு உன்ன பொய் சொல்லச் சொன்னாரா? செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு கேட்டுகினு கீறியே, செஞ்சதுக்கு எப்ப கேக்கப்போற?"

எதைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

அவர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இவரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தேன். அம்மா சோடா கேட்டிருக்கிறாள். வாங்கப் போனவர் ஒயின்ஷாப்பில் உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது அம்மா போய்விட்டாள். சோடா கேட்டுக்கேட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். இதை அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை, என்னிடமும் பேசியதில்லை. இந்த ஒன்றை மூடி மறைக்கத்தான் ஊர் ஊராக என் மண்டையை உடைத்திருக்கிறார். இதை உள்ளே வைத்துக்கொண்டிருந்தால் மறுபடி பாட்டிலைத் தொடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு எங்கள் சபையிலேயே அவர் மைக்கை வாங்கினார்.

"நான் என் பொண்டாட்டிய அடிச்சதில்ல. அல்லாம் பொய். அவங்கம்மா சோடா கேட்டாங்க. வாங்கப் போன நான் குடிச்சிகினு உக்காந்துட்டேன். அவங்க தனியா செத்தாங்க."

ஒருத்தரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் மைக்கை வாங்கி அறிவிப்புகளைப் படிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு எந்தச் சபையும் இவரைக் கூப்பிடவில்லை.

எனக்கும் ஆமென் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்கு நடக்கும்போது சொன்னேன், "சபையில சொல்லிட்டா ஆச்சா? அம்மா கல்லறைக்குப் போய் சொல்லு."

அடக்கத்துக்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போனதில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில்தான் அவருடைய பழைய ஒயின்ஷாப்பும் இருக்கிறது. சொன்ன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. சாயங்காலம் தனியாகவே கிளம்பிப் போனார். நான் மாவைக் கரைத்து வைத்துவிட்டு, தோசை ஊற்றாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தார். கண் சிவந்திருந்தது, சட்டையெல்லாம் மண், நடையும் சரியாக இல்லை. வழக்கம்போல என் முன்னால் குனிந்து வாயைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் மோந்து பார்க்கவில்லை. "கை கழுவிகினு வா, தோச ஊத்தறேன்" என்றேன்.