காலியாக விட்ட மேல் மூலை

சில வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில் ஒரு காலை. இடம், ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோருக்கு உள்ளே ஒரு பழைய ரப்பர் தோட்டம். இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். அண்ணன் அதில் மாடு மேய்க்கிறார். அவருக்கு வலிப்பு உண்டு. ஒரு நாள் மாடுகள் மட்டும் வீடு திரும்பின. அவர் விழுந்து கிடந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தூக்கி வந்தோம். அன்றிலிருந்து அண்ணிக்குத் தூக்கம் போயிற்று.

நான் ஈப்போவில் ரேடியோ கருவிகளுக்கு சர்க்கிட் போர்டு வரைபவள். அண்ணன் இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி செய்தேன். அவர் தரையில் சாய்ந்தால் அது சிக்னல் அனுப்பும், வீட்டில் மணி அடிக்கும். போர்டைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். ஆண்டெனாவுக்குப் போகும் கோடு குட்டையாக, அதன் அடியில் கிரவுண்டுக்கான செம்புத் தகடு எங்கும் வெட்டுப்படாமல். ஆண்டெனா உட்கார்ந்த மேல் மூலையில் மட்டும் செம்பே கூடாது. பக்கத்தில் உலோகம் இருந்தால் சிக்னல் அமுங்கிவிடும். கூட வேலை பார்க்கும் தோழியிடம், "மேல் மூலை காலியா இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லி, தொழிற்சாலைக்கு அனுப்பும் வேலையை ஒப்படைத்தேன்.

அன்று பனிமூட்டத்தில் சுண்ணாம்பு மலைகளையே காணோம். அண்ணன் மாடுகளோடு செம்பனை வரிசைக்குள் நடந்து, மெல்ல மெல்ல வெள்ளையில் கரைந்து போனார். அண்ணி, தோழி, நான் மூவரும் மணியைப் பார்த்தபடி வாசலில் நின்றோம். இலைநுனியில் நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"படுத்துட்டேன்லா! மணி அடிக்குதா இல்லையா? எறும்பு கடிக்குது!"

அடிக்கவில்லை. அண்ணியின் முகம் செத்துப் போயிற்று. எனக்கு வந்ததே கோபம்! பக்கத்தில் வைத்துச் சோதித்தபோது நன்றாக அடித்த மணி அது. அண்ணனைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்தேன். மேல் மூலையில், தங்கமாக மின்னியது ஒரு பிள்ளையார் சுழி. செம்பில் போட்டு முலாம் பூசியது.

"நான்தான் போட்டேன் அக்கா," என்றாள் தோழி. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். "நீங்க எந்தத் தாள எடுத்தாலும் மேல சுழி போட்டுத்தானே ஆரம்பிப்பீங்க. சாமிக்குத்தான் எடம் விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். அண்ணனுக்குத் தொணையா இருக்கட்டுமேன்னு..."

பிளேடை எடுத்தேன், கை வரவில்லை. "ஐயோ, சாமிய சுரண்டாதீங்க!" என்று அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் தோழிதான் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு சுரண்டி எடுத்தாள்.

அண்ணன் மறுபடி பனிக்குள் போனார். சற்று நேரத்தில் மணி அலறியது. நாங்கள் கைதட்டித் திரும்பிப் பார்த்தால் அண்ணியைக் காணோம். வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார். பின்னாலேயே போனோம். ஈரப் புல்லில் அண்ணன் மல்லாந்து கிடந்தார். ஒரு பசு அவர் தலையை முகர்ந்துகொண்டிருந்தது.

"சும்மா பாக்கத்தானே படுத்தேன், ஏன் ஓடியார?" என்றார்.

"தெரியும். காலு நிக்கல," என்று சொல்லி அண்ணி அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் மணி மீண்டும் அடித்தது. அது சோதனை இல்லை. அண்ணி ஓடினார், நேரத்தோடு போய்ச் சேர்ந்தார். அந்த மூலை ஏன் காலியாக இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல நான் பட்ட சோம்பலுக்கு என் அண்ணனையே பலி கொடுத்திருப்பேன் என்ற நினைப்பில், ஒவ்வொரு போர்டை அனுப்பும்போதும் காலி இடம் எதற்கென்று இன்றும் கையோடு எழுதி வைத்துவிடுகிறேன்.