எண்ணூரில் நான் எழுதிய வேதப் பரீட்சை

ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லுகிறவர்கள் எல்லாரும் வேதப் பரீட்சையில் தேற வேண்டுமென்று, மகாயுத்தம் முடிந்த சில வருஷங்களில் எங்கள் ராயபுரம் சபையில் தீர்மானம் போட்டார்கள். இருபது வருஷமாகப் பாடம் சொல்லிவந்த நான் இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறையும் தோற்றால் வகுப்பை விட வேண்டியதுதான். எனக்கு அப்போது வயது ஐம்பத்தொன்பது. பரீட்சை நடத்தும் பாதிரி ஐயர் உடம்பு தேறுவதற்காக எண்ணூரில் தங்கியிருந்தார். ஆகவே ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

காலை ஏழு பத்துக்கு வண்டி. மூன்றாம் வகுப்புக்கு இரண்டணா. தூரம் சுமார் ஒன்பது மைல். பரீட்சையில் கேட்கும் யூதா ராஜாக்களின் பெயர் வரிசையை வாய்விட்டு ஒப்பித்துக்கொண்டே போனேன்.

எதிரே மீன்கூடையோடு இருந்த அம்மாள், "இன்னா நைனா, கல்யாணத்துக்கு அழைக்கப் போறியா? இம்மாம் பேரு கீறாங்களே" என்றாள்.

"ஒருத்தரும் உயிரோடு இல்லை அம்மா" என்றேன். அவள் வேறு பலகைக்குப் போய்விட்டாள்.

ஐயர் இருந்த பங்களா கழிமுகத்துக்கு அக்கரையில். படகுக்கு ஓரணா. படகைத் தள்ளியவர் முகத்துவாரக்குப்பத்து ஏகாம்பரம். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் அன்று மீன்பிடிக்கப் போகவில்லை. பரீட்சையில் சொல்ல வேண்டிய பாடத்தை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். இரவெல்லாம் மீன் அகப்படாத ஒரு மீனவரை, இயேசு மறுபடியும் வலை போடச் சொல்லி, வலை கிழியுமளவு மீன் அகப்பட்ட கதை.

"அப்போ அந்தாளு இன்னா பண்ணிகினு இருந்தான்?" என்று ஏகாம்பரம் கேட்டார்.

"வலையை அலசிக்கொண்டிருந்தார்."

அவர் கழி ஊன்றுவதை நிறுத்திவிட்டார். "நைனா, ராவெல்லாம் கண்ணு முழிச்சு, கலீஜெல்லாம் எடுத்து அலசுன வலைய திரும்பப் போடுன்னா, எங்கப்பன் சொன்னாகூட போட மாட்டேன். மீனு கெடச்சது பெர்சில்ல. போட்டான் பாரு, அதான் பெர்சு."

இதைப் பேசிக்கொண்டிருந்ததில் படகு சேற்றில் ஏறி நின்றுவிட்டது. இருவரும் இறங்கித் தள்ளினோம். ஒன்பது மணிப் பரீட்சைக்கு, முழங்கால் வரை சேறோடு ஒன்பதரைக்குப் போய் நின்றேன்.

ராஜாக்களில் நான்கு பேருக்குமேல் ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஐயர் பெருமூச்சு விட்டு, ஏதாவது பாடம் சொல்லிக் காட்டச் சொன்னார். வலைக் கதையைச் சொன்னேன். அதில் எது பெரிய அற்புதம் என்று கேட்டார்.

"அலசிய வலையை மறுபடி போட்டது" என்றேன்.

"இது எந்த வியாக்கியானத்தில் இருக்கிறது?"

"முகத்துவாரக்குப்பத்தில்."

ஐயர் மதிப்பெண் தாளை ஒதுக்கிவிட்டு, தம்முடைய பிரசங்க நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு, ராஜாக்களை வீட்டில் படிக்க வேண்டுமென்ற கட்டளையோடு என்னைத் தேறச் செய்துவிட்டார். இருபது வருஷம் நான் சொன்ன கதையை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டதுபோல் இருந்தது. தேறியதைவிட அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

எண்ணூருக்குப் போகிறவர்கள் குடிதண்ணீரும் மாற்று வேஷ்டியும் எடுத்துப் போகவும். தண்ணீர் வற்றும் நேரத்தில் படகேற வேண்டாம். திரும்பும் வண்டி நாலே முக்காலுக்கு.

திரும்பும்போதும் ஏகாம்பரம் படகுதான். மீதிக் கதையைக் கேட்டார். மீனையும் படகையும் விட்டுவிட்டு அந்த மீனவர் இயேசுவின் பின்னால் போய்விட்டதைச் சொன்னேன்.

"இம்மாம் மீனையும் வுட்டுட்டா? வூட்ல அந்தப் பொம்பள இன்னா சொல்லிச்சு?"

எனக்குத் தெரியவில்லை. படித்துப் பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமை வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.