எனக்கு மட்டும் ஊசியா ஆண்டவரே

எனக்கு இடது கண் சிறுவயதிலேயே பழுது. போன லெந்து தவக்கால நாட்களில் வலது கண்ணிலும் புரை முற்றிவிட்டது. கரமனை பஸ்ஸின் போர்டு தெரியவில்லை. ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வெறுமனே வாயசைத்தேன். இருட்டிலேயே காலம் போய்விடுமோ என்று அழாத நாளில்லை.

அதே சமயத்தில் என் கொழுந்தன் மனைவி எஸ்தருக்கும் புரை. அவளுக்கு முதலில் ஆபரேஷன் ஆனது. பெண்கள் ஐக்கியத்தில் எழுந்து நின்று, "ஊசியே இல்ல. சொட்டு மருந்து விட்டு கண்ணை மரத்துப்போக வச்சாங்க. கர்த்தர் நல்லவர்" என்று சாட்சி சொன்னாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். வயிறு எரிந்தது.

"எனக்கும் அந்தச் சொட்டு மருந்தே வேண்டும் ஆண்டவரே" என்று உபவாசமிருந்து கேட்டேன். தம்பானூர் பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்தபோதும் உள்ளுக்குள் அதே ஜெபம்தான். ஜெபம் என்றால் நமக்குக் கண் தானாக மூடிக்கொள்ளுமே. அவர் லைட்டைப் பார்க்கச் சொல்லச் சொல்ல, நான் இறுக்கி மூடினேன்.

"அம்மா, இப்படி இறுக்கினா சொட்டு மருந்து பற்றாது கேட்டோ. கண்ணு அனங்காம, அசையாம இருக்கணும். ஊசிதான்" என்றார்.

எஸ்தர் வேதத்தைத் திறப்பதே கிறிஸ்மஸுக்குத்தான். அவளுக்குச் சொட்டு மருந்து, ஞாயிறு ஆராதனை தவறாத எனக்கு ஊசியா? இருக்கிற ஒரு கண்ணும் போய்விடுமோ என்று நடுங்கினேன்.

கண்ணுக்குக் கீழே ஊசி சுருக்கென்றது. கொஞ்ச நேரத்தில் இமைகூட அசையவில்லை. ஆபரேஷன் மேஜையில் பயந்து ஜெபிக்க ஆரம்பித்தேன். பழக்கத்தில் கண்ணை மூடப் பார்த்தேன், முடியவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் கண் திறந்தபடி ஜெபித்தேன். வலியே இல்லாமல் முடிந்தது.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் எதிரே எஸ்தர் நின்றாள். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதற்கும் எரிந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, வலி இல்லதான். ஆனா வெளிச்சம் எல்லாம் தெரிஞ்சுது. கொஞ்சம் அசஞ்சா கண்ணு போயிடுமோன்னு பேடிச்சு, பயந்து விறைச்சுக் கிடந்தேன். உங்களுக்குக் கண்ணு அசையாம ஊசி போடுறாங்கன்னு கேட்டப்ப எனக்கு அசூயையா இருந்தது."

அன்றுமுதல் அவளுக்காகவும் ஜெபிக்கிறேன். சகோதரிகளே, நீங்களும் ஆண்டவரை நம்பித் தயங்காமல் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவளுக்குக் கிடைத்ததை மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டபடியே அவர் கொடுத்திருந்தால், இன்று உங்கள் முகங்களைப் பார்த்து இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.