டைகருக்குப் பசி எடுக்க அப்பா செய்த வைத்தியம்

ஈரத் துண்டில் சுற்றிய நாய்க்குட்டிக்கு ஒரு வாசனை உண்டு. பாலும் மண்ணும் கலந்த மாதிரி... சாரல் விழும்போதெல்லாம் எனக்கு அந்த வாசனைதான் ஞாபகம் வரும்.

அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்த வருஷம். ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் வாசுதேவநல்லூர் சித்தி வீட்டிலிருந்து ஒரு நாய்க்குட்டியைச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தான். தேங்காய் அளவுதான் இருக்கும். பெயர் மட்டும் டைகர்!

"எம்மா, நான் வார வரைக்கும் இவன் ஒனக்குத் துணை. நல்லா பாத்துக்கோ."

அவன் போனான். டைகர் சாப்பிடவில்லை.

பால் வைத்தால் முகர்ந்துவிட்டுக் கட்டிலடிக்குப் போய்விடும். பால்சோறு, பிஸ்கட், எதற்கும் அசையவில்லை. அப்பா மாநில எல்லையில் இருக்கும் பார்டர் கடை வரைக்கும் போய்க் கோழி வறுவல் வாங்கிவந்தார். எனக்கு ஒருநாளும் அப்படி வாங்கித் தந்ததில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் பண்ணினான். குட்டி சாப்பிடுதா என்று கேட்டான்.

"நல்லா திங்குதுடே" என்றாள் அம்மா.

"நீ?"

"எனக்கென்ன கொறச்சல்?"

இரண்டுமே பொய். அவன் போனதிலிருந்து அம்மா அடுக்களையில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

மறுநாள் டைகருக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "அருவில தலையைக் காட்டுனா கல்லையும் திங்கலாம். நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு பசிக்கு மருந்து தேடுதியளே!"

எங்கள் தென்காசிக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் அருவிதான் வைத்தியம். குட்டிக்கு நல்லெண்ணெய் வேறு தேய்த்து, மொபெட்டில் வைத்து ஐந்தருவிக்குக் கொண்டுபோய் ஓரத்தில் காட்டிவிட்டு வந்தார். திரும்பி வரும்போது டைகர் துண்டுக்குள் வெடவெடத்துக்கொண்டிருந்தது. கண் செருகிவிட்டது.

"பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று அம்மா அழுதுவிட்டாள். அப்பா மறுபடியும் மொபெட்டைக் கிளப்பினார்.

மாட்டு டாக்டர் ஊசி போட்டுவிட்டு அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

"அண்ணாச்சி, இது என்ன அருவி சீசனுக்கு வந்த ஆளா, எண்ணெய் தேச்சுக் குளிக்க? கூடப்பொறந்ததுகளோட சேர்ந்து தின்ன குட்டி, புது எடத்துல பயப்படுது. சுத்தி நின்னு பாக்காதிய. ஒரு ஆள் மட்டும் பக்கத்துல தரையில உக்காந்து சாப்பிடுங்க. அதுவா வரும்."

அன்று மத்தியானம் அம்மா எங்களை வெளியே விரட்டிவிட்டுத் தட்டோடு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் அப்பாவும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பாதித் தட்டு காலியான பிறகுதான் மூக்கு மட்டும் வெளியே வந்தது. அப்புறம் ஒரு கால். தட்டோரத்தில் அம்மா ஒதுக்கிவைத்த சோற்றை நக்க ஆரம்பித்தது. அது முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாதே என்று அம்மா இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.

"ஏட்டி, ஒங்கம்மா மறுசோறு சாப்பிடுதா பாரு" என்றார் அப்பா. 

டைகர் பன்னிரண்டு வருஷம் எங்களோடு இருந்தது. இப்போது அப்பாவும் இல்லை. அண்ணன் குடும்பத்தோடு டெல்லியில், நான் கோயம்புத்தூரில். அம்மா தென்காசி வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள்.

போனில் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டால் "ஆச்சு, ஆச்சு" என்பாள். எனக்குத் தெரியாதா...

அதனால் இப்போதெல்லாம் கேட்பதில்லை. ஆபீஸ் லஞ்ச் டைமில் வீடியோ கால் போட்டு, போனைச் சாய்த்து வைத்துவிட்டு நான் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்துவிடுவேன்.

என் டப்பா பாதி காலியாகும்போது அம்மா எழுந்திருப்பாள்.

"ஏட்டி, இரு... நானும் தட்டை எடுத்துட்டு வாரேன்."