பத்தா, பன்னிரண்டா?

கல்கத்தாவில், கரியாஹாட் கடைவீதியில் ரவிக்கைத் துணி வாங்கப் போயிருந்தேன். கடைக்கு மேல்மாடியில் யாரோ குதிகாலால் தரையை இடித்துக்கொண்டிருந்தார்கள். என் விரல்கள் தாமாகவே தாளம் எண்ணத் தொடங்கின. இரண்டு முறை எண்ணியும் சுற்று தொடங்கும் சமம் எங்கே விழுகிறது என்று பிடிபடவில்லை. சிறுவயதில் ஏழு வருஷம் மிருதங்கச் சொற்கட்டு படித்தவளுக்கு இது மானப் பிரச்சினை. துணியைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு மாடியேறினேன்.

ஆடிக்கொண்டிருந்தவள் ஒரு வங்காளிப் பெண். கதக் ஆடி வளர்ந்தவள், பிறகு ஸ்பெயினுக்கே போய் ஃப்ளமெங்கோ நடனம் கற்றுக்கொண்டு வந்தவள். பக்கத்தில் ஒரு கிட்டார்க்காரர். இன்னொருவர் மடிக்கணினியில் ஏதேதோ ஒலிகளைக் கலந்துகொண்டிருந்தார்.

"என்ன கணக்கு இது?" என்று வாசலில் நின்றபடியே வங்காளத்தில் கேட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. பன்னிரண்டு தட்டுச் சுற்று, ஆனால் எண்ணத் தொடங்குவதே பன்னிரண்டிலிருந்து என்றாள். ஓ, அவ்வளவுதானா! "தகிட தகிட தக தக தக" என்று சொல்லிக் காட்டினேன். அவள் குதிகால் அழுந்தும் இடத்திலெல்லாம் என் சொல்லும் அழுந்தியது. கிட்டார்க்காரர் எழுந்தே நின்றுவிட்டார். அடுத்த வாரம் முதல் நானும் குழுவில் ஒருத்தி.

வீட்டில் கணவருக்கு ஒரே சிரிப்பு. "காலைல ஆடிட் ஆபீஸ், சாயங்காலம் ஸ்பெயினா?"

"உங்களுக்கென்ன வந்தது? காபி ஃப்ளாஸ்க்ல இருக்கு, ஊத்திக் குடிங்க."

வம்பு முடிவில்தான் வந்தது. எங்கள் சங்கீதத்தில் எங்கே சுற்றினாலும் அடுத்த சுற்றின் முதல் தட்டில், அதாவது சமத்தில், வந்து இறங்கினால்தான் முடிவு. அவர்கள் கணக்கில் அதுதான் பன்னிரண்டு. அவர்களோ பத்திலேயே முடித்துவிடுவார்கள். ஒத்திகையில் எல்லோரும் டக்கென்று நின்ற பிறகு என்னுடைய "தோம்" மட்டும் தனியாகப் போய் விழும்.

"பத்தில் நிறுத்துங்கள், தீதி" என்றாள் அவள். அக்கா என்பதற்கு வங்காளத்தில் தீதி. "கணினியைச் சேர்க்கலாம், உங்கள் சொற்கட்டைச் சேர்க்கலாம். முடிகிற இடத்தை மட்டும் மாற்ற மாட்டேன். அது என் குரு கொடுத்தது."

"என் சமமும் தெருவில் கண்டெடுத்ததில்லை" என்றேன்.

இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் கிட்டார்க்காரர் தூது வந்தார். பத்தில் நிறுத்தினால் நான் மேடையில் உண்டு, இல்லாவிட்டால் நான் சேர்கிற உருப்படியே இல்லையாம். சரி என்றேன். மேடையை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆனால் சமத்தைத் தொடாமல் நிறுத்துவது, பாதிச் சாப்பாட்டில் இலையை எடுப்பது போல. அன்று வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

நிகழ்ச்சி டாலிகஞ்சில் ஒரு சின்ன அரங்கில். கேலி பேசிய கணவரே லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை எல்லாம் திரட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்த்தியிருந்தார். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அத்தனை பேர் கையும் தொடையில் தாளம் போடத் தொடங்கிவிட்டது. நம் ஆட்களைச் சும்மா உட்காரச் சொல்லவே முடியாது.

கிட்டார் ஏறியது, கணினி அதிர்ந்தது, நான் அவள் காலோடு காலாகச் சொற்களைக் கொட்டினேன். என் குரல் அன்று போல் என்றும் பேசியதில்லை. கடைசிச் சுற்று. எட்டு, ஒன்பது, பத்து. அவள் நின்றாள். கிட்டார் நின்றது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். நாக்கின் நுனியில் "தோம்" நின்றது, விழுங்கிவிட்டேன்.

பதினொன்றில் ஒரு சத்தமும் இல்லை.

பன்னிரண்டில் அவள் குதிகால் விழுந்தது. ஒரே ஓர் அடி, ஒத்திகையில் ஒருநாளும் அவள் வைக்காத அடி. அதே நொடியில் முன்வரிசைக் கைகளெல்லாம் தொடையில் விழுந்தன. கைதட்டல் எழும்புவதற்குள் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "இது உங்களுடையது, தீதி" என்றாள்.

நாற்பத்தொன்பது வயதில், ஊரே பார்க்க, மேடையில் உட்கார்ந்து அழுதேன். துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு பெருமை.