அண்ணியும் அடிவான மூட்டமும்

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவன் ஒரே ஒருவன்தான், கணவரின் தம்பி. ஆனால் ஸ்டூடியோவுக்குள் அவன் போட்ட கூப்பாட்டில் தெருவே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிற பல் போன பெரியவர்கூட, "அண்ணி, காது ரெண்டும் தெரியணுமாமே?" என்றுதான் கேட்பார். அவருக்கு அவள் மகள் வயதில்தான் இருப்பாள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு பெயர் வேண்டும், இது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஸ்டூடியோ அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. முன்னறையில் கல்லாவும் பிரேம் போடும் மேசையும் கணவருடைய ராஜ்யம். காமிரா தம்பியுடையது. ஜன்னல் இல்லாத பின்னறையில் இருந்த கம்ப்யூட்டர் அவளுடையது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. தட்டித் தடுமாறி, கெடுத்துக் குட்டிச்சுவராக்கி, திரும்பச் சரிபண்ணிக் கற்றுக்கொண்டாள். முகப்பருவை அழிப்பாள். மூடிய கண்ணைத் திறந்து வைப்பாள். குடும்பப் படத்துக்கு வராமல் வீம்பு பிடித்த மாமாவைக் கூட்டி வந்து ஓரத்தில் நிறுத்துவாள். கோபித்துக்கொண்டு போன மருமகனைப் படத்தை விட்டு வெளியேற்றுவாள். சமாதானமாகிவிட்டார்கள் என்று சேதி வந்தால் மறுபடி உள்ளே விடுவாள். அழித்த இடம் தெரியக் கூடாது, அதுதான் அந்த வேலையின் இலக்கணம். அவளுடைய மனக்குறையும் அதுதான். வேலை நன்றாக அமைந்தால் ஒருத்தர் கண்ணிலும் படாது. சொதப்பினால் மட்டும், "யார் பண்ணினது இதை?" என்று கேட்பார்கள்.

தம்பி நல்ல பையன்தான். கை சுத்தம், வாய் இனிப்பு. ஒரே ஒரு குறை, தூக்கம். சூரியன் எழுந்து, பல் விளக்கி, பாதி வேலையை முடித்த பிறகுதான் இவன் போர்வையை விலக்குவான். கல்யாண மண்டபத்துக்கு அண்ணன் எழுப்பிக் கூட்டிப் போவார். வெளியூர்ப் படம் என்றால் எழுப்ப ஆள் கிடையாது.

அப்படித்தான் மலை விடுதி வேலை வந்தது. விடுதிக்காரர் கட்டடத்தைப் புதுப்பித்திருந்தார். வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்க, மொட்டை மாடியிலிருந்து தெரிகிற காட்சியைப் பெரிதாக அச்சடித்து ஒட்ட வேண்டும். கீழே ஏரி, அதைத் தாண்டி மரங்கள், அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாக மலைகள். தம்பி போனான், எடுத்தான், மறுநாள் சாயங்காலமே திரும்பி வந்தான்.

"சூப்பரா வந்திருக்கு அண்ணி. தூரத்துல மட்டும் லேசா மூட்டம். நீங்க ஒரு இழுப்பு இழுத்துடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

ரெண்டு நிமிஷ வேலை என்று யாராவது சொன்னாலே ரெண்டு நாள் போச்சு என்று அவளுக்குத் தெரியும். படத்தைத் திறந்தாள். ஏரி இருந்தது. மரங்கள் இருந்தன. அதற்கு மேலே யாரோ ஒரு குடம் பாலைக் கொட்டிவிட்டது போல வெளுப்பு. முதல் மலை சாம்பல் பூத்திருந்தது, இரண்டாவது மலை சொன்னால்தான் தெரியும், மூன்றாவது மலை சொன்னாலும் தெரியாது.

"எத்தனை மணிக்கு எடுத்தே தம்பி?"

"வெளிச்சம் நல்லா இருந்தப்போதான்."

"உச்சி வெயில்லயா?"

அவன் காமிராப் பையின் ஜிப்பைச் சரிபார்க்க ஆரம்பித்தான். போதாததற்கு, காமிராவின் மெமரி கார்டில் இடமில்லை என்று படத்தைச் சின்ன அளவில் எடுத்து வைத்திருந்தான்.

மூட்டத்தை எடுக்க எடிட்டிங்கில் ஒரு பட்டை உண்டு. டீஹேஸ் என்று பெயர். வலப்பக்கம் இழுத்தால் வெளுப்பு குறையும். இழுத்தாள். மலைகள் மெல்ல எழுந்து வந்தன. கூடவே வானம் மை கொட்டியது போல நீலமானது, ஏரி கறுத்தது, பக்கத்து மரங்கள் தீப்பிடித்து அணைந்தவை போல நின்றன. இடப்பக்கம் விட்டால் மறுபடி பால். முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் போனால் உதைக்கிறது.

சரி, முழுப் படத்துக்கும் வேண்டாம், தூரத்துக்கு மட்டும் போடுவோம் என்று மலைகளைத் தனியாக வளைத்துப் பிரித்தாள். மரக்கிளைகளுக்கு நடுவே தெரிந்த துண்டு மலைகளை ஒவ்வொன்றாகப் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுச் சேர்த்தாள். ஒரு கிளை விட்டுப்போனால் அந்த இடத்தில் மட்டும் திட்டாக மூட்டம் தொங்கியது, ஒட்டடை மாதிரி. அதைத் துடைத்தால் மலை முகட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு முளைத்தது. கோட்டை அழித்தால் முகடு வழுக்கையானது. நீலம் ஏறியதைக் குறைத்தால் மலை மண்சுவர் போலானது. ஒரு துண்டை மட்டும் பெரிதாக அச்சடித்துப் பார்த்தபோது வானம் படிக்கட்டு படிக்கட்டாகப் பிரிந்து தெரிந்தது.

முன்னறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். "இன்னும் முடியலையா?"

"உங்க தம்பி கேமராவுல சுண்ணாம்பு அடிச்சுட்டு வந்திருக்கான். நான் சுரண்டிக்கிட்டு இருக்கேன்."

அவர் மெதுவாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

விடுதிக்காரர் வந்தார். முதலில் காட்டியதைப் பார்த்து, "கொஞ்சம் டல்லா இருக்கே" என்றார். சரி என்று ஏற்றிக் காட்டினாள். "இது பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். நடுவில் ஒன்று காட்டினாள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, திரையில் விரலை வைத்தார். விரல் பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை விழுந்தது.

"இங்கே இன்னொரு மலை இருக்கும்மா. நாலாவது மலை. அதைக் காணோம்."

"படத்துல இல்லையே சார்."

"மூட்டத்துக்குப் பின்னாடி இருக்கு. நீங்க இன்னும் கொஞ்சம் எடுத்தா வந்துடும்."

"சார், கேமரா பார்த்ததை நான் துலக்கிக் காட்டலாம். அது பார்க்காததை எங்கேருந்து கொண்டு வர்றது? அந்த இடத்துல வானமும் மலையும் ஒரே வெள்ளை."

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல எல்லாம் முடியுதுன்னு சொல்றாங்களே" என்றார் அவர், அவள் வேண்டுமென்றே ஒளித்து வைத்திருக்கிறாள் என்பது போல.

அவர் போன பிறகு தம்பி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "அண்ணி, நம்மகிட்ட பழைய படம் ஏகப்பட்டது கிடக்கு. அதுல ஒரு மலையைத் தூக்கி வெச்சுட்டா என்ன? மாமாவையே கொண்டு வந்து நிறுத்துறீங்க, மலை எம்மாத்திரம்?"

அதற்குத்தான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மாமா எப்படி இருப்பாருன்னு எனக்குத் தெரியும். அந்த மலை எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? தினமும் அந்த மாடியில நின்னு பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா? நீ ஒரு நாள் சீக்கிரம் எழுந்திருந்தா எனக்கு இந்தத் தலைவிதி கிடையாது. உன் தூக்கத்தை எல்லாம் நான் உட்கார்ந்து துடைச்சுக்கிட்டு இருக்கேன்."

அவன் முகம் சுருங்கியது. "அவ்வளவு சுலபம்னா நீங்களே போய் எடுக்க வேண்டியதுதானே" என்றான். ஏட்டிக்குப் போட்டியாகச் சொன்னதுதான். ஆனால் அவள் பிடித்துக்கொண்டாள்.

"போறேன்."

கணவர் பிரேமுக்கு ஆணி அடிப்பதை நிறுத்தினார். "உனக்கு அந்தப் பெரிய கேமரா பழக்கமில்லையே."

"அது எடுக்கிற தப்பு அத்தனையும் எனக்குத்தான் அத்துப்படி. வேறென்ன பழக்கம் வேணும்?"

மறுநாளே பஸ் ஏறினாள். இத்தனை வருடம் அவள் துலக்கிய அருவிகள், கடற்கரைகள், மலைகள் எத்தனையோ. ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை. மலைப்பாதை வளைவுகளில் காமிராப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் போய்ச் சேர்ந்து மாடி ஏறினால், எதிரே ஒன்றுமில்லை. வெள்ளை. தம்பி கொண்டு வந்த அதே பால், இங்கே வானத்திலிருந்து ஏரி வரைக்கும் இறங்கியிருந்தது. வீட்டில் வாய் விட்டதற்கு இது வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

விடுதிக்காரரின் மனைவிதான் அங்கே சமையலையும் அறைகளையும் கவனிப்பவர். சூடாக டீ கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"என்னத்தை எடுக்கணும்?"

"நாலாவது மலையாம்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "அவர் சொன்னாரா? நான் இந்த வீட்டுக்கு வாழ வந்து என் பிள்ளை காலேஜ் முடிச்சுட்டான். அந்த மலையை இதுவரைக்கும் ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன். பெரிய மழை அடிச்சு ஓய்ஞ்சா, கொஞ்ச நேரம் தலையைக் காட்டும். இவர் வர்றவங்ககிட்ட எல்லாம் அதையே சொல்லுவார். அவங்க கழுத்து வலிக்கப் பார்த்துட்டுப் போவாங்க."

மறுநாள் விடியும் முன்பே மாடிக்குப் போய் காமிரா முக்காலியை ஊன்றினாள். விரல் விறைத்தது. வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து மெல்ல ஊறி வந்தபோது மூட்டம் போய்விடவில்லை, ஆனால் படிந்து கிடந்தது. முகடுகள் அதற்கு மேலே தலை நீட்டின. முதல் மலை கரும்பச்சை. அதன் பின்னால் இரண்டாவது, கொஞ்சம் வெளுத்து. அதற்கும் பின்னால் மூன்றாவது, ஊதினால் கலைந்துவிடும் போல. அவள் இத்தனை நாள் கறுப்பேற்றிக் கறுப்பேற்றி மூன்று மலைகளையும் ஒரே சுவரில் ஒட்டி வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வெளுப்பை வழித்து எடுத்துவிட்டால் தூரமே இல்லை. மூன்றாவது மலை முதல் மலையின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிடும். வெயில் ஏறி எல்லாம் மறுபடி பாலாகும் வரை எடுத்துத் தள்ளினாள். கார்டை முன்கூட்டியே காலி செய்துதான் கொண்டு போயிருந்தாள்.

திரும்பி வந்து அந்தப் பட்டையை ஒரு மயிரிழை மட்டும் இழுத்தாள். வேறு எதையும் தொடவில்லை.

விடுதிக்காரர் வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலாவது மலை..."

"உங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க சார்."

அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். உள்ளே கேட்டது எல்லாம் "ம்", "சரி", "அது இல்லைடி", மறுபடி "சரி". முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்து, "அடிச்சுடுங்க" என்றார். அவருக்குத் திருப்தியில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

படம் சுவரில் ஏறிய பிறகுதான் அவள் அதைப் பார்க்கப் போனாள். பெரிதாக, நிஜமாகவே ஆழமாக இருந்தது. வலது கீழ் மூலையில், ஏரித் தண்ணீரின் மேல், சின்ன எழுத்தில் ஸ்டூடியோ பெயரும், "படம்" என்று போட்டுத் தம்பியின் பெயரும் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும், "படத்து மூலையில உங்க தம்பி பேர் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். மீதி விஷயம் சாப்பாட்டுத் தட்டை வைத்த சத்தத்திலேயே கணவருக்குப் புரிந்துவிட்டது. தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நான் அச்சுக்கு அனுப்புற படத்துல எல்லாம் அது எப்பவும் வர்றது அண்ணா. கம்ப்யூட்டர் பைல்ல தானா விழுந்துடும்" என்றான் அவன். பிறகு அவள் பக்கம் திரும்பி, "சத்தியமா கவனிக்கலை அண்ணி" என்றான். பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கவனித்துச் செய்திருந்தால் சண்டையாவது போடலாம்.

"நாளைக்கே போய் அந்த எழுத்து மேல சின்னதா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடறேன்" என்றார் கணவர்.

"வேண்டாம்."

"ஏன்?"

"தண்ணி மேல ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். பார்க்கச் சகிக்காது."

சொல்லிவிட்டு அவளுக்கே அழுகை முட்டியது. தன் பெயருக்காகக்கூட அந்தப் படத்தைக் கெடுக்கத் தன்னால் முடியவில்லையே என்று. தம்பியின் பெயர் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து, மலைப்பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று தன் கட்டடத்தையும் சுற்றுப்புறத்தையும் படமெடுத்துத் தரச் சொன்னது. தம்பி போர்வையை விலக்கி, கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து பார்த்தபோது காமிராப் பையைக் காணோம். அண்ணனைக் கேட்டான். அவர் பிரேமுக்கு அளவெடுத்துக்கொண்டே, "அண்ணி முதல் பஸ்ஸுக்கே போயாச்சு. உள்ளே நாலு பாஸ்போர்ட் போட்டோ நிக்குது, காதெல்லாம் தெரியுதான்னு பாரு" என்றார்.

அன்றைக்கு அவளுக்கும் ஒன்றும் தேறவில்லை. பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பமே தெரியாத அளவுக்கு மூட்டம். மத்தியானம் வரைக்கும் காத்திருந்துவிட்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டே திரும்பி வந்து, அடுத்த வாரம் மறுபடி போனாள்.