பேர் இருக்கிற வீடு

நடந்தது இவ்வளவுதான்:

1. சமூகவியல் இளங்கலை இறுதி ஆண்டு ஆய்வுக்காக, நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வீடுகளில் கேள்விப் படிவம் நிரப்பினோம்.
2. ஏழாவது கேள்வியை, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லைன்களில் பேசுகிற தமிழில் நானே எழுதினேன்.
3. எல்லோரும் அதற்கு உண்மையான பதிலைச் சொன்னார்கள்.
4. அந்தப் பதிலை நான் தப்பான தலைப்பின் கீழ் அட்டவணையில் ஏற்றினேன்.
5. பேராசிரியைக்கு அட்டவணை மிகவும் பிடித்துப்போனது.
6. முப்பத்தோராவது படிவம் எங்கள் வீட்டுப் படிவம்.

ஆறாவதை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். கவனிக்காததற்குக் காரணம், அந்தப் படிவத்தை நிரப்பியது நான் இல்லை. சொந்த அம்மாவை நானே பேட்டி எடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் கிள்ளானிலிருந்து உதவிக்கு வந்திருந்த வகுப்புத் தோழியை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் அடுத்த லைனுக்குப் போய்விட்டேன். படிவங்களில் பேர் எழுதுவதில்லை. உறவு, வயது, வேலை, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. ஆண் ஒன்று, பெண் இரண்டு, பதில் இல்லை என்றால் ஒன்பது. 'மகள், 24, நர்சரி' என்பதையும் எண்ணாக்கித் தட்டிவிட்டு அடுத்த படிவத்துக்குப் போனேன்.

எனக்கு எண்கள் பழக்கம். பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா முடித்து, பத்து மாதம் தோட்டத்துத் தொழிற்சாலையில் உலர்த்தும் மெஷின்களின் சூட்டையும் ஈரத்தையும் அரை மணிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டிருந்தேன். பிறகு சமூகவியல் படிக்க கோலாலம்பூரில் இடம் கிடைத்தது. மெஷின் படித்த பிள்ளை இப்போது மனுஷனைப் படிக்கப் போகிறது, மனுஷனுக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தால் வந்து சொல்லட்டும் என்று தொழிற்சாலையில் கிண்டல் செய்தார்கள். நான் சிரித்தேன். ஒரு கேள்விக்கு எண் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று அப்போது உண்மையாகவே நம்பினேன்.

லைன் வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவருடைய பேராவது வேலைப் பதிவில் இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கலாம். பேரை வெட்டினால் வீட்டை விட வேண்டும். அறுபது வயதில் பேர் தானாக வெட்டுப்படும். அதனால் எங்கள் பக்கம் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான் என்று சொல்ல மாட்டார்கள், பேர் போட்டுவிட்டான் என்பார்கள். நான் தொழிற்சாலையில் சேர்ந்த அதே மாதம் அம்மாவுக்கு அறுபது முடிந்தது. அப்பா ஏற்கெனவே இல்லை. பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது, உன் பேர் கன்று வளர்க்கும் நர்சரிக்கு மாறி ஓடட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மா சொன்னாள். நீண்ட விடுப்பு போல ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஏழாவது கேள்வி முதலில் புத்தகத் தமிழில் இருந்தது: இக்குடும்பத்தில் தற்போது தோட்டத்தில் பணிபுரிபவர் யார்? மக்கள் பேசுகிற மொழியில் கேள் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். அவர் மலாய்க்காரர், தமிழ் தெரியாது. அந்த அறிவுரை எனக்குப் பெருமையாக இருந்தது, ஏனென்றால் வகுப்பில் லைன் பேச்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். கேள்வியை மாற்றினேன்: 'இந்த வீட்ல தோட்டத்துல யாரு பேரு இருக்கு?' அட்டவணையில் மட்டும் பழைய தலைப்பை விட்டுவிட்டேன். தற்போது தோட்டத்தில் பணிபுரிபவர்.

முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. அட்டவணைப்படி, தோட்ட வேலையில் இருபது, முப்பது வயதுக்காரர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். இளையவர்கள் எல்லாம் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள் என்று பாடத்தில் படித்ததற்கு நேர் எதிர். துறைக் கருத்தரங்கில் பேராசிரியை அந்த அட்டவணையைத் திரையில் நிறுத்திவைத்து நெடுநேரம் பேசினார். ஒரு வீட்டை மட்டும் எடுத்து விரிவாக எழுது, ஆய்வேட்டுக்கு உயிர் வரும் என்றார்.

மறுநாள் மதியம் விடுதி அறையில் படிவங்களைப் பரப்பி, எந்த வீட்டை எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்றில் என் தோழி ஓரமாக ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: கடைசி வீடு, பின்னால் நீலத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியை வாங்கியது நான்தான். மகள், 24, நர்சரி. எனக்கு அக்காவோ தங்கையோ கிடையாது.

உட்கார முடியவில்லை. எழுந்து நின்றும் பயனில்லை. படிவங்களை அடுக்கி எண்ணினேன், முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் எங்கள் மலையூரான தானா ராத்தாவுக்கு ஏறினேன். வழக்கமாக வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும். அன்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு வீட்டை நினைத்து, அந்த வீட்டுப் பிள்ளையைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

அம்மா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நகத்தில் நர்சரி மண்.

"பசியாறிட்டியா?"

"அந்தக் கிள்ளான் பொண்ணுகிட்ட நான் நர்சரியில வேலை செய்றேன்னு சொன்னியாம்மா?"

"யாரு பேரு இருக்குன்னு கேட்டுச்சு. உன் பேருதான இருக்கு? நான் பொய் சொல்லலியே."

"வேலை செய்றது நீதான?"

"அத அது கேக்கவே இல்லயே பாப்பா. கேள்வி எழுதினது யாரு? நீதான லா."

கையில் காகிதம் எடுக்காமல், சும்மா பேசப் போவது போல லைனில் இறங்கினேன். அடுத்த வீட்டில் பேர் மகனுடையது. மகன் சிங்கப்பூரில் லோரி ஓட்டுகிறான். செடிக்கு மருந்து அடிக்கப் போவது அறுபத்து மூன்று வயது அப்பா. எதிர் வீட்டில் மருமகளின் பேர். அவள் தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் துணி மடிக்கிறாள், மாமியார் புல் வெட்டுகிறார். பதினோராவது வீட்டோடு எண்ணுவதை நிறுத்தினேன். நான் எண்ணுவதை நிறுத்துவது அரிது.

மறுநாள் காலை அம்மாவோடு பெரட்டுக்குப் போனேன். வேலைக்கு அனுப்பும் முன் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். பனி இன்னும் விலகவில்லை. பூட்ஸ் போட்டவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு பக்கம் வங்காளதேசத்து ஆட்கள், இன்னொரு பக்கம் எங்கள் லைன் ஆட்கள். சூப்பர்வைசர் தாளைப் பார்த்து என் பேரைக் கூப்பிட்டார். எனக்கு வாய் திறந்துவிட்டது. அதற்குள் அம்மா, "இருக்கேன்" என்றாள். யாரும் திரும்பவில்லை. மோட்டார் பைக் பக்கத்தில் நின்ற என்னை மட்டும் அவர் ஒரு தரம் பார்த்தார்.

"இன்னிக்கு ஒரு பேருக்கு ரெண்டு ஆளா?"

வரிசையில் சிலர் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவர் அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

அங்கிருந்து நேராக ஆபீசுக்குப் போனேன். கிராணி, அதாவது எழுத்தர் வேலையில் இருப்பவர் என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா. ஆய்வுக்கு அனுமதி கேட்டபோது சூராட் கடிதம் அடித்துக் கொடுத்தவரும் அவர்தான். அந்தக் கடிதத்தின் இரண்டாவது பத்தியில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதியைத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடும்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது அந்த ஒரு வரிதான் கண் முன்னால் நின்றது. அட்டவணையைத் திருத்தி உண்மையை எழுதினால், எந்த வீடுகளில் பேர் ஒருவருக்கும் வேலை இன்னொருவருக்கும் என்பதை நானே வரிசை போட்டு துரையின், அதாவது மேனேஜரின், மேசையில் வைப்பேன். திருத்தாவிட்டால் பொய்யை ஆய்வு என்று ஒப்படைப்பேன்.

இதையெல்லாம் நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா கதவைச் சாத்தினார்.

"ஆபீஸ்ல தெரியாதுன்னா நெனச்ச, தங்கச்சி? எனக்குத் தெரியும். தொரைக்கும் தெரியும்."

"அப்ப என்னக்கா பிரச்சனை?"

"பேப்பர்ல வராதவரைக்கும் ஒண்ணும் இல்ல. வந்துட்டா, அப்புறம் அவரு தெரியாத மாரி இருக்க முடியாதுல்ல."

எண்களை மாற்றி, இடத்தின் பேரை மறைத்து எழுதினால் என்ன என்று கேட்டேன். பின்னிணைப்பில் அவர் அடித்த கடிதம் போகும், அதில் தோட்டத்தின் முத்திரை இருக்கிறது என்று நினைவுபடுத்தினார். பிறகு, உங்க அம்மா வீடும் அந்த முப்பத்தெட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் கோப்புகளை அடுக்க ஆரம்பித்தார்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. எழுத வேண்டுமானால் எழுது, வீட்டை எடுத்தால் பக்கத்து ஊர் திரிங்காப்பில் வாடகைக்குப் பார்க்கலாம் என்றாள். பிறகு, பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கே பார்ப்பார்கள் என்று மட்டும் தெரியவில்லை என்றாள். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

கோலாலம்பூருக்குத் திரும்பிப் பேராசிரியையிடம் அட்டவணை தவறு என்று சொன்னேன். ஒரு சொல்லுக்கு எங்கள் லைனில் வேறு பொருள் என்பதை விளக்கினேன். எந்த வீடு, எத்தனை வீடு என்று சொல்லவில்லை. இந்தத் தவறுதான் நீ செய்ததிலேயே நல்ல கண்டுபிடிப்பு, அதையே எழுதலாமே என்றார் பேராசிரியை. அவர் சொன்னது சரி. அதனால்தான் அதை எழுத முடியாது என்றேன். அந்தச் சொல்லுக்கு உங்கள் லைனில் வேறு பொருள் என்று உனக்கு முன்பே தெரியாதா என்று கேட்டார். தெரியும் என்றேன். தெரிந்ததால்தான் தவறினேன். வெளியாளாக இருந்திருந்தால் 'பேர்' என்றால் என்ன என்று முதல் வீட்டிலேயே கேட்டிருப்பேன்.

அந்த ஆய்வையே விட்டுவிட்டு, அடுத்த வாரம் படிவங்களை எடுத்துக்கொண்டு மறுபடி மலை ஏறினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அவரவர் போராங் படிவத்தை அவரவர் கையிலேயே கொடுத்தேன். சிலர் ஏன் என்று கேட்கவில்லை. மருமகளின் பேரில் இருக்கும் வீட்டு மாமியார் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நாங்க பெயிலா?"

நான்தான் பெயில் என்றேன். அப்படியானால் உள்ளே வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்றார். நின்றபடியே குடித்தேன். இன்னும் பத்தொன்பது வீடு மீதி இருந்தது.

முடித்துவிட்டு வந்தபோது நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. படிவங்களைக் கொடுத்ததால் எதுவும் மாறவில்லை. என் பேருக்கு இன்னும் முப்பத்தைந்து வருடம் இருக்கிறது, அம்மாவின் கைக்கு அவ்வளவு இல்லை. இதற்கு எந்த எண்ணைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதைய நிலை இது. என் வகுப்பினர் பட்டம் வாங்கிவிட்டார்கள். நான் ஏழாவது செமஸ்டரில் இருக்கிறேன். புதிய ஆய்வு திரிங்காப்பில் பூ தரம் பிரிக்கும் பெண்களைப் பற்றியது, அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை. பழைய ஆய்வு கைவிடப்பட்டது என்று தோட்டத்து ஆபீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வீடு இருக்கிறது. அம்மா தினமும் நர்சரிக்குப் போகிறாள்.